சிவப்புத் தொண்டைக் குருவி

எனக்கு அம்மை போட்டிருப்பதாகத் தோட்டமே நம்பிய அந்தத் தவக்காலத்தில் என் உடம்பில் ஒரு கொசுக்கடிகூட இல்லை. அது அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், சித்திக்கும் தெரியும். நோயாளியான எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனை மரங்களுக்கு நடுவில், பழைய லயத்தின் வீட்டு வரிசையில் கடைசி வீடு எங்களுடையது. அப்பா செம்பனைக் குலைகளை மில்லுக்கு ஏற்றிப் போகும் லோரி ஓட்டினார். ஒரு நாள் விடியற்காலை அந்த லோரியிலிருந்து சித்தி இறங்கினாள். அம்மாவின் ஒரே தங்கை. கல்யாணமாகிச் சித்தப்பாவோடு புக்கிட் செந்தோசாவில் இருந்தவள். கிறிஸ்மஸுக்கு வந்தால் கேட்டிலிருந்தே என் பெயரைக் கூவிக்கொண்டு வருவாள். அன்று ஒரு சத்தமும் இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. பேச வாயெடுத்தபோது வெறும் கரகரப்புதான் வந்தது. தொண்டை கட்டிக்கொண்டது என்று என்னிடம் சொன்னாள். அந்த வெயில் காலத்தில் எப்படித் தொண்டை கட்டும் என்று நான் யோசித்தேன், ஆனால் கேட்கவில்லை.

அம்மா என்னை அடுப்படியில் உட்காரவைத்துச் சொன்னாள். சித்தி இங்கே இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது. பள்ளிக்கூடத்தில், மாதா கோயிலில், பக்கத்து வீட்டில், எங்கேயும் வாய் திறக்கக் கூடாது. எல்லாரையும்விட முக்கியமாகச் சித்தப்பாவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அம்மா எதற்கும் பதில் வைத்திருக்கிறவள். அன்று எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். எனக்குப் பயம் பிடித்தது அந்த நிமிடத்தில்தான். அதன் பிறகு அந்த வாரம் முழுக்க அது என்னை விடவில்லை.

லயத்தில் ஓர் ஆளை ஒளித்துவைப்பது லேசான காரியமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கம் நாம் நல்லா இரு என்று சொல்லலாம், அவ்வளவு நெருக்கம். அடுத்த வீட்டில், தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் மனைவி இருந்தாள். எல்லாருக்கும் அவள் மண்டோரம்மா. கதவைத் தட்டும் வழக்கமே அவளுக்குக் கிடையாது. உப்பு கேட்டு வருவாள், உப்பு கொடுக்க வருவாள், இரண்டும் இல்லையென்றால் சும்மா வருவாள். நல்ல மனசுக்காரி. ஆனால் காலையில் அவள் காதில் விழுவது சாயங்காலத்துக்குள் புக்கிட் செந்தோசாவரை போய்விடும். சித்தப்பா ரவாங் பக்கம் ஃபேக்டரிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டினார். தோட்டத்துக்குத் தோட்டம் அவருக்குத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள்.

அம்மா ஒரு பகல் முழுக்க யோசித்தாள். மறுநாள் எங்கள் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது.

நாங்கள் கத்தோலிக்கர்கள். நிலைக்கு மேலே போன வருடத்துக் குருத்தோலைச் சிலுவை காய்ந்து பழுப்பேறி இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே அம்மா வேப்பிலையைச் செருகினாள். அம்மை என்று வந்துவிட்டால் தோட்டத்தில் யாரும் வேதம் பார்ப்பதில்லை, எங்கள் உபதேசியார் வீட்டு வாசலிலும் வேப்பிலை தொங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த இலையைக் கண்டால் யாரும் படியேற மாட்டார்கள். கறி மீன் சமைக்கவில்லையா, தாளிக்கும் வாசனை ஏன் வரவில்லை என்று ஒரு கேள்வியும் வராது. பூட்டைவிட அது கெட்டி.

இதெல்லாம் பின்னால் புரிந்தது. அன்று அம்மா என் முகத்தில் மஞ்சளை அரைத்துப் பூசி, உனக்கு அம்மை போட்டிருக்கிறது, பள்ளிக்கூடம் கிடையாது, வெளியே தலைகாட்டக் கூடாது என்றாள். எங்கே என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே இருக்கிறது, இன்னும் வெளியே வரவில்லை என்றாள்.

ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது! உள்ளே என்றால் எங்கே? வயிற்றிலா, நெஞ்சிலா? தினமும் எழுந்ததும் சட்டையைத் தூக்கிப் பார்ப்பேன். ஒன்றும் இல்லாதது நிம்மதியாக இல்லை. உள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கிறது, ஒரே நாளில் மொத்தமாகக் கிளம்பப்போகிறது என்று நினைத்துச் சட்டையை இழுத்து மூடிக்கொள்வேன். மண்டோரம்மா கேட்டுக்கு வெளியே நின்று இளநீரை வைத்துவிட்டு, தண்ணி எப்போது ஊற்றப்போகிறாய் என்று அம்மாவைக் கேட்பாள். அந்த வரிசையில் அம்மை கண்ட பிள்ளைகளுக்கெல்லாம் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தலைக்கு ஊற்றிய கை அவளுடையது, என்னை மட்டும் விட்டுவிட அவளுக்கு மனசில்லை. இன்னும் இறங்கவில்லை அக்கா என்று அம்மா சொல்வாள். அது என் காதில் விழும். இறங்கவே இல்லையாம் என்று நான் போர்வைக்குள் அழுவேன்.

சித்தியும் நானும் பின்னறையில் சேர்ந்து அடைந்து கிடந்தோம். எனக்கு அம்மை, அவளுக்குத் தொண்டை. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குளியலறை வீட்டுக்கு வெளியே, பின்கட்டில் தனியாக இருந்தது. தகரக் கதவு, உள்ளே இடுப்பளவு சிமெண்டுத் தொட்டி, பக்கத்தில் லோங்காங் என்று நாங்கள் சொல்லும் தண்ணீர்க் கால்வாய். வெளிச்சம் வருவதற்கு முன்பும் இருட்டிய பிறகும் மட்டும் சித்தி அங்கே போய் வருவாள். மற்ற நேரமெல்லாம் ஜன்னலை விட்டுத் தள்ளியே உட்கார்ந்திருப்பாள்.

நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு அக்காவும் தங்கையும் பேசுவார்கள். உண்மையில் அம்மாதான் பேசுவாள். அதுவும் பெரும்பாலும் பாத்திரங்களைக் கொண்டு. சித்தி ஈஸ்டர் முடிந்ததும் அவரிடமே போய்விடுகிறேன் என்பாள், உடனே ஒரு சட்டி நங்கென்று தரையில் இறங்கும். ஒரு மத்தியானம் சித்தி கொஞ்சம் நீளமாகவே பேசினாள்.

"அவரு கெட்டவரு இல்லக்கா. அவங்க வீட்டுல எல்லாருமே அப்படித்தான் வளந்தாங்க. மெதுவாப் பேசவே அவருக்குத் தெரியாது. தொடறதுன்னாலும் அப்படித்தான், கை வந்து விழுந்துரும். தெரியாததுக்கு நாம என்ன செய்ய முடியும்? நானாச்சும் போயி மெல்ல மெல்லச் சொல்லிக் குடுக்கணும் லா."

இந்தத் தடவை எந்தச் சட்டியும் நங்கென்று இறங்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். சித்தப்பாவிடமிருந்து சித்தியை ஒளிப்பதைவிடச் சித்தியிடமிருந்தே அவளைக் காப்பாற்றுவதுதான் அம்மாவுக்குப் பெரிய பாடாக இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அப்பா நடுவில் மாட்டிக்கொண்டார். புருஷன் பெண்டாட்டி விஷயம், ஈஸ்டர்வரை இருக்கட்டும், அதற்குமேல் அவன் வந்து நின்றால் நான் என்ன பதில் சொல்வது என்று முனகிவிட்டு லோரியைக் கழுவப் போய்விடுவார்.

அந்த நாட்களில்தான் குருவி வந்தது.

முதலில் பார்த்தது நான். அடுப்படி ஜன்னலோரம் நின்று சட்டையைத் தூக்கி வயிற்றை ஆராய்ந்துகொண்டிருந்தேன். குளியலறைக் கதவுக்கு முன்னால், ஈரமாயிருந்த இடத்தில், ஒரு சின்ன உருவம் தத்தித் தத்தி வந்தது. மண் நிறம், சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது, கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு. வாலைத் தூக்கி நிறுத்திக்கொண்டு நின்றது. மைனாவையும் தையல்காரக் குருவியையும் எனக்குத் தெரியும், இது அவற்றில் சேர்ந்ததில்லை. பிறகு அது தலையை நிமிர்த்தியது. அதன் தொண்டை முழுக்க ரத்தம்.

நான் கத்தியிருப்பேன். சித்தி ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். குருவியின் கழுத்தை யாரோ அறுத்துவிட்டார்கள் என்று அவள் கைக்குள்ளேயே அழுதேன். சித்தி ஜன்னல் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். வந்த நாள்முதல் ஜன்னல் பக்கம் போகாதவள், அன்று போனாள்.

"ரத்தம் இல்லடி. அது நெறம். கடவுள் அப்படிப் படைச்சிருக்காரு" என்றாள். சொல்லும்போது அவள் கை தானாகவே தன் கழுத்துத் துண்டுக்குப் போயிருந்தது. துண்டு கொஞ்சம் நழுவியது. அதற்குக் கீழே நீலமும் மஞ்சளுமாக ஏதோ தெரிந்தது. சித்தி உடனே இழுத்து மூடிக்கொண்டாள். அவளுக்கும் உள்ளே அம்மை, எனக்கு முன்னால் அவளுக்கு வெளியே வரத் தொடங்கிவிட்டது என்று முடிவுகட்டினேன். அன்று முதல் அவளுக்காகவும் ஜெபம் செய்தேன்.

குருவி மறுநாளும் வந்தது. வெளிச்சம் மங்கலாக இருக்கும்போது புதரிலிருந்து இறங்கும், லோங்காங் ஓரம் பூச்சி பொறுக்கும், சிலசமயம் மிக மெல்லிசாக ஒரு பாட்டுப் பாடும். தனக்குத்தானே பாடிக்கொள்வதுபோல் இருக்கும். சித்தி அதற்காகக் காத்திருக்கத் தொடங்கினாள். நாங்கள் இருவர் மட்டுமே அதைப் பார்க்கிறோம் என்று நினைத்தோம். ஆனால் ஐந்தாம் பாரம் படித்த மண்டோரம்மா மகனும் வேலிக்கு மேலே கைப்பேசியை நீட்டிப் படம் பிடித்திருக்கிறான். இது என்ன குருவி என்று கேட்டு ஃபேஸ்புக்கில் போட்டும்விட்டான். எந்த ஊர், எந்தத் தோட்டம், எத்தனையாவது வரிசை என்று யாரோ கேட்க, அவன் பெருமையாகப் பதிலும் சொல்லியிருக்கிறான்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை. அப்பா விடிவதற்கு முன்பே லோரியோடு போய்விட்டார். சித்தி அன்று கொஞ்சம் அயர்ந்துவிட்டாள், வானம் வெளுத்த பிறகுதான் குளிக்கப் போனாள். நான் ஜன்னலில் குருவிக்காக நின்றேன். தோட்டத்துச் சாலையில் கார்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவுகளை மெதுவாகச் சாத்தும் சத்தம். பிறகு லோங்காங் ஓரமாக ஆட்கள் வந்தார்கள். காட்டு நிறத்தில் சட்டை, தொப்பி. தோளில் மூன்று கால் வைத்த தாங்கி, அதன் உச்சியில் துணி சுற்றிய நீளக் குழாய்.

எனக்குத் துப்பாக்கி என்றுதான் பட்டது. போய் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். அம்மா வந்து பார்த்தாள். ஒருவர் பின் ஒருவராக எங்கள் பின்கட்டு ஓரத்தில் நின்று, தாங்கியை விரித்து, குழாய்களைத் திருப்பி வைத்தார்கள். எல்லாக் குழாய்களும் ஒரே இடத்தைக் குறிபார்த்தன, சித்தி இருந்த குளியலறையின் கதவை.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் சட்டென்று நின்றது.

அம்மா கடைசி ஆயுதத்தை எடுத்தாள். பின்வாசலில் நின்று, பிள்ளைக்குச் சாச்சார், அதாவது அம்மை, கிட்டே வராதீர்கள் என்று மலாயில் சொல்லி என்னைக் காட்டினாள். மஞ்சள் பூசிய முகத்தோடு நான் நின்றேன். தமிழர்களாக இருந்திருந்தால் செருப்பை விட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். வந்தவர்கள் சீனர்களும் மலாய்க்காரர்களும், கூடவே சிவந்துபோன ஒரு வெள்ளைக்காரரும். பாவம் என்று தலையாட்டினார்கள். நரைத்த தாடி வைத்த ஒரு சீன அங்கிள் மட்டும், தனக்குச் சின்ன வயதிலேயே வந்து போய்விட்டது, பயமில்லை என்று அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார். பூரோங், பூரோங், அதாவது குருவி, என்று குளியலறைப் பக்கம் கையைக் காட்டி, கொஞ்ச நேரம், பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம் என்று கும்பிடாத குறையாகக் கேட்டார். ஒரு குருவிக்காகவா இத்தனை பேர் என்று அம்மா திகைத்து நின்றாள். விரட்டலாம். விரட்டினால் சத்தம் வரும், சத்தம் வந்தால் மண்டோரம்மா வருவாள். அம்மா தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

குருவி இறங்கியது. நேராகக் குளியலறைக் கதவுக்கு முன்னால். அந்தக் கேமராக் குழாய்கள் தட்டெழுத்து மெஷின்போல் சடசடத்தன. அந்தத் தகரக் கதவின் அடிப்பாகம் துருப்பிடித்து ஒரு சாணுக்கு மேல் இடைவெளி விட்டிருந்தது. உள்ளே நிற்பவரின் கால் வெளியே தெரியும். அது எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். சித்திக்கு அது நினைவிருக்க வேண்டுமே என்று நான் எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டேன்.

அப்போது வாசல் பக்கம் வேன் ஹாரன் கேட்டது.

சித்தப்பாவின் ஹாரனை எனக்கு நன்றாகத் தெரியும். கிறிஸ்மஸுக்கு அதைக் கேட்டால் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொள்வேன். பட்டாசு வாங்கி வருவார், சிரித்தால் தகரக்கூரை அதிரும். அன்று ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவேளை ஒன்றும் தெரியாமல், சொந்தக்காரர்கள் வீடு ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு வந்திருக்கலாம்.

அம்மா வாசலுக்குப் போனாள், நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். சித்தப்பா கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தவர், வேப்பிலையைப் பார்த்து முதல் படியிலிருந்து காலைப் பின்னுக்கு இழுத்தார். பிள்ளைக்கா என்று கேட்டார். ஆமாம் என்றாள். எப்போது என்றார், சொன்னாள். பிறகு அவர் வந்த விஷயத்துக்கு வந்தார்.

"உங்க தங்கச்சி இங்க வந்தாளாக்கா?"

"அம்மை போட்ட வீட்டுக்கு யாரு தம்பி வருவா?"

அம்மாவின் குரல் ஒரு சொல்லிலும் தடுமாறவில்லை. ஆனால் பின்னால் கட்டியிருந்த அவள் விரல்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். சித்தப்பா படிக்குக் கீழே நின்று வீட்டுக்குள்ளே பார்த்தார். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. வேப்பிலைக்குப் பயந்துதான் நின்றார். அதற்குள் பின்பக்கத்திலிருந்து பல பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துவிடும் ஒரு முணுமுணுப்பு வந்தது. குருவி ஏதோ செய்திருக்க வேண்டும்.

"பின்னால என்னா கூட்டம்?"

அம்மா ஏதோ சொல்வதற்குள் அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தார். கடைசி வீட்டுக்கு அதுதான் வசதி, மூன்று பக்கமும் திறப்பு. நான் வீட்டுக்குள்ளேயே ஓடி, அடுப்படி தாண்டிப் பின்வாசலுக்கு வந்தேன். சித்தப்பா மூலையைத் திரும்பினார். "யாரு லா நீங்கல்லாம்" என்று அவருக்கே உரிய சத்தத்தில் ஆரம்பித்தார்.

அத்தனை பேரும் திரும்பி உதட்டில் விரல் வைத்தார்கள்.

என் வாழ்க்கையில் சித்தப்பாவை யாரும் பேசாதே என்று சொல்லி நான் பார்த்ததில்லை. அவருடைய அப்பாகூடச் சொன்னதில்லை. வாய் திறந்தபடி நின்றார். இப்போது கை ஓங்குவார், எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. திறந்து பார்த்தபோது தாடிக்கார அங்கிள் தன் குழாயைவிட்டு விலகி, வா, பார் என்று சித்தப்பாவைக் கையால் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா ஒரு கணம் தயங்கினார். பிறகு குனிந்து கண்ணை வைத்தார்.

அந்தக் குழாயின் மறுமுனையில் குருவி இருந்தது. குருவிக்குப் பின்னால் தகரக் கதவு இருந்தது. கதவுக்குப் பின்னால் சித்தி இருந்தாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். அம்மா வந்து என் பின்னால் நின்றாள், அவள் நெஞ்சு அடிப்பது என் பின்மண்டையில் தெரிந்தது. சித்தப்பா தலையை எடுத்தார். முகம் மாறியிருந்தது, அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததே இல்லை. என்னைக் கண்டதும் விரலை அசைத்துக் கூப்பிட்டார்.

"வாம்மா. மெதுவா வா. காலத் தேய்க்காம வா. அது பயந்துரும்."

போகாமல் இருந்தால் சந்தேகப்படுவார், போனால் என் அம்மை அவருக்கு ஒட்டிவிடும். இரண்டு பயத்துக்கும் நடுவில் நான் நடந்தேன். அவருக்கு வேப்பிலை மறந்தே போயிருந்தது. என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். அவர் முகம் என் முகத்துக்கு அத்தனை பக்கத்தில் இருந்தது, ஒரு பார்வை பார்த்திருந்தால் ஒரு கொப்புளமும் இல்லை என்று தெரிந்திருக்கும். அவர் பார்க்கவில்லை. குருவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கிறிஸ்மஸுக்கு அவர் தூக்கிப்போட்டுப் பிடித்தால் விலா இரண்டு நாள் வலிக்கும். அன்று அந்தக் கைகள் என்னைத் தூக்கியதே தெரியவில்லை.

நான் குழாயில் கண்ணை வைத்தேன். குருவி பெரிதாக, மூக்குக்கு நேரே நின்றது. தொண்டை பற்றி எரிவதுபோல் சிவந்திருந்தது. அது மூச்சு வாங்குவதுகூடத் தெரிந்தது. அதற்குப் பின்னால் கதவின் அடி. இடைவெளி. ஈரச் சிமெண்டு. கால் இல்லை. அங்கே யாருமே இல்லை.

சித்தி செத்துவிட்டாள் என்று நினைத்தேன். வேறு எப்படி ஓர் ஆள் கால் இல்லாமல் இருக்க முடியும்? பயத்தில் அழக்கூட வரவில்லை, சித்தப்பாவின் கையில் மரக்கட்டைபோல் கிடந்தேன். குருவி தலையைத் தூக்கி அந்த மெல்லிய பாட்டைப் பாடத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, எங்கள் பக்கம் பார்த்தது. பறக்கப்போவதுபோல் உடம்பைக் குறுக்கியது. சித்தப்பா என் காதுக்குப் பக்கத்தில் அதனோடு பேசினார். அந்த அமைதியில் பின்கட்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

"பயப்படாத. பயப்படாத, கண்ணு. யாரும் உன்ன ஒண்ணும் செய்ய மாட்டாங்க. நீ பாட்டுக்குச் சாப்புடு."

குருவி கொஞ்ச நேரம் சாப்பிட்டது. பிறகு மண்டோரம்மா வீட்டுச் சேவல் கூவியது, அது புதருக்குள் போய் மறைந்தது. சித்தப்பா என்னை இறக்கிவிட்டார். இறக்கும்போதும் தரை தெரியாமல் இறக்கினார். அங்கிளின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, வந்த வழியே போனார். வாசலில் அம்மாவிடம், அவள் வந்தால் எனக்குக் கோபமில்லை என்று சொல்லுங்கள் என்றார். சொல்கிறேன் என்றாள். ஹாரன் அடிக்காமலே வேன் போனது.

வந்தவர்கள் போகவில்லை. குருவி மறுபடி இறங்குமென்று வெயில் ஏறும்வரை நின்றார்கள். அங்கிள் பின்வாசல் படியில் உட்கார்ந்து எனக்கு மலாயில் கதை சொன்னார். இது குளிர்நாட்டுக் குருவியாம். குளிருக்குப் பயந்து சயாம் பக்கம் வந்து தங்கும், இந்த மாதத்தில் எல்லாம் ஊருக்குத் திரும்பிப் பறக்கும். இது வழி தவறி நம் நாட்டுக்குள் இறங்கிவிட்டது, இங்கே இதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. இரண்டு நாள் தின்று தெம்பானதும் பாலிக் கம்போங், சொந்த ஊருக்குப் போய்விடும் என்று வடக்கே கையைக் காட்டினார். நான் தலையை ஆட்டிக்கொண்டே குளியலறைக் கதவைப் பார்த்திருந்தேன். அம்மா அவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். அவளால் அப்போது செய்ய முடிந்தது அதுதான்.

கடைசிக் காரும் போன பிறகு அம்மா ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். தாழ் திறந்தது. சித்தி தொட்டியின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள். ஈரத் துணியோடு, ஒரு கையால் கூரைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை நேரமும். இறங்கும்போது கால் மடங்கி அம்மாமேல் சரிந்தாள். அடுப்படியில் உட்காரவைத்துத் துவட்டினோம். கழுத்தில் துண்டு இல்லை. அங்கே அம்மை எதுவும் இல்லை, விரல் விரலாகத் தடம்தான் இருந்தது. அது என்ன அம்மை என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

பயந்துவிட்டாயா என்று அம்மா கேட்டாள். சித்தி ஈரத் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குச் சித்தப்பாமேல் பரிதாபமாக இருந்தது. கோபமில்லை என்றுகூடச் சொல்லிவிட்டுப் போனாரே! அவருக்காக நாமாவது இரண்டு வார்த்தை பேசலாம் என்று தோன்றியது.

"சித்தப்பா என்னத் தூக்கிக் காட்டினாரு சித்தி. வலிக்கவே இல்ல" என்றேன்.

சித்தி தலையைத் தூக்கினாள். "மெதுவாவா தூக்கினாரு?"

"ஆமா. தூக்குனதே தெரியல. எறக்குறப்பவும் அப்படித்தான்."

சித்தி என்னையே பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அந்தக் கரகரத்த தொண்டையிலிருந்து ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"மெதுவாத் தொட அவருக்குத் தெரியுதுக்கா."

அம்மா துண்டைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். சித்தி அழத் தொடங்கினாள். வந்த நாள்முதல் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். சத்தமில்லாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

மறுநாள் குருவி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அது ஊருக்குப் போய்விட்டது. அம்மா எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையை அவிழ்த்து, நிலையில் புதுக் குருத்தோலைச் சிலுவையைச் செருகினாள். எனக்குள் இருந்த அம்மை வெளியே வராமலே எப்படிப் போனது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். சித்திதான் இனி ஒளிந்திருக்கப்போவதில்லை என்றாள். ஈஸ்டர் திங்கட்கிழமை அப்பாவின் லோரியில் ஏறினாள். அம்மா அன்றும் எந்தச் சட்டியையும் நங்கென்று வைக்கவில்லை. லோரி புக்கிட் செந்தோசாவுக்குத் திரும்பவில்லை. முதலில் போலீஸ் நிலையத்துக்கும், பிறகு புஞ்சாக் ஆலாமில் அம்மாவுக்குத் தெரிந்த ஒரு கன்னியர் மடத்துச் சிஸ்டர் பார்த்து வைத்திருந்த அறைக்கும் போனது. இன்றுவரை அவள் அங்கேதான் இருக்கிறாள்.

எனக்கு அன்று மனசே ஆறவில்லை. பயப்படாதே என்று குருவியிடம் அவர் பேசியதை அவளும் உள்ளேயிருந்து கேட்டாள். என்னை மெதுவாகத் தூக்கினார் என்று நானும் சொன்னேன். இவ்வளவு நல்ல சேதி கேட்ட பிறகும் சித்தி ஏன் சித்தப்பாவிடம் போகவில்லை என்று பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.